கள்ளுப் பானை மேல் சீசர்

— இவனா? இந்தக் கன்னம் ஒட்டின பயலா உலகத்தையே கட்டி ஆளுறான்?

— மெதுவாப் பேசு மலகாயே. தெருவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே! போன அறுவடையிலேர்ந்து என் கள்ளுப் பானைக்கு மூடி அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கிற வெண்கலத் தலை, ரோமாபுரிச் சக்கரவர்த்தியோட தலைன்னு ஒரு வெங்காய வியாபாரி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நீ கோயில் கொத்தனாரா, இல்ல கோயில் கழுதையா?

— அந்த வெங்காயக்கார ஹோர் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம்ல?

— எப்படித் தப்பாகும்? அவன் எல்லைக்கு அந்தப்பக்கம், ரோமாபுரிக்காரன் ஆளுற சியேனே ஊர்க்காரன். கடைத்தெருவுல இந்த சீசர் சிலைக்குக் கீழேயே உக்காந்து வெங்காயம் வித்தவன். ஒரு கலயம் கள்ளு குடுங்கன்னு வந்தான். நான் மூடியைத் தூக்கலாம்னு இவன் தலையில போட்டிருந்த முக்காட்டுத் துணியை எடுத்தேன். என்ன பண்ணான் பார்த்தல்ல? சட்டுனு எழுந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னான். பழக்கதோஷம்! அப்புறம்தான் தரையில விழுந்து விழுந்து சிரிச்சான்.

— சிரிச்சவன் தெருவுல போய்ச் சொல்லாம இருக்கணுமேடி.

— சொன்னாச் சொல்லட்டும். இப்ப நீ சொல்லு. சீசர் இங்கே என் பானை மேலே இருக்கான்னா, ராணியம்மா கட்டின ஜெயக்கோயில் படிக்கு அடியில நீ யாரைப் புதைச்சே?

— அமுன் சத்தியமா நான் நல்லா யோசிச்சுத்தான் புதைச்சேன்.

— எடுத்ததுக்கெல்லாம் சாமி மேல சத்தியம் பண்ணாதே. நடந்ததைச் சொல்லு.

— சியேனேயில சண்டை முடிஞ்சு, அங்கேயிருந்த சிலையெல்லாம் அள்ளிக்கிட்டு நம்ம படை திரும்பி வந்துச்சில்ல? தளபதி ஒரு கோணிப்பையைக் கொண்டாந்து என் கால்மாட்டுல போட்டார். ‘உள்ளே சீசர் தலை இருக்கு. ராணியம்மா கட்டளை. கோயில் முன்படிக்கு அடியில புதைச்சிடு, போற வர்ற சனமெல்லாம் மிதிக்கட்டும். கூட இருக்கிறது உதிரி, உருக்கி மணி பண்ணிக்கோ’ன்னார். அவருக்கு அப்பவே காய்ச்சல், பல்லு கிட்டிப் போய் நிக்கிறார். போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கோணியைக் கொட்டினா உள்ளே ரெண்டு தலை.

— ரெண்டுல ராஜா எதுன்னு யாரையாவது கேக்க வேண்டியதுதானே?

— கேக்கிற மாதிரியா இருந்துச்சு? நீயே சொல்லு, ராஜான்னா எப்படி இருக்கணும்? நம்ம ராணியம்மா நடந்து வந்தா மொதல்ல நிழல் வரும், அப்புறம் வயிறு வரும், அதுக்கப்புறம்தான் அவங்க வருவாங்க. கழுத்துல மடிப்பு மடிப்பா அவ்வளவு அழகு! ரெண்டு கன்னத்துலயும் கோடு கிழிச்ச தழும்பு. சாப்பாடு உள்ள வீடுன்னு பார்த்ததும் தெரியும். அந்தக் கோணியில ஒரு தலை அப்படியே இருந்துச்சு. கன்னம் ரெண்டும் பூசணிக்கா. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, அதுக்கும் கீழே ஒரு தாடை. பார்த்ததும் என் கை தானாக் கும்பிடப் போச்சு.

— இன்னொண்ணு?

— இன்னொண்ணு இவன். நல்லாப் பாரு இவனை! சோறு தண்ணி காணாத மூஞ்சி. சீவாத முடி நெத்தியில விழுந்து கிடக்கு. கிரீடம் கிடையாது. கன்னத்துல ஒரு கீறல் கூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் சோறு போடுறவன் இப்படியா இருப்பான்? பெரியவருக்கு விசிறி வீசுற பையன்னு நினைச்சேன்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அதை மட்டும் சொல்லித்தான் ஆகணும்.

— பார்த்தியா!

— பார்த்தியாவது! அந்தப் பூசணிக்காய்க்காரன் யாருன்னு ஹோர்கிட்ட கேட்டியே, என்ன சொன்னான்?

— மூக்கு நுனியில மரு இருந்துச்சான்னு கேட்டான். ஆமான்னேன். அவன் சியேனேயில வரி வசூல் பண்ற அதிகாரியாம். ஊர்ச்சொத்துல தனக்குத் தானே சிலை வெச்சுக்கிட்டானாம். ஹோரோட அப்பன் வெச்சிருந்த கழுதையை வரிபாக்கின்னு பிடிச்சுட்டுப் போனது அவன்தானாம். ‘அவனையா ஊரே மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க? நான் வர்றப்போ லேசாத்தானே மிதிச்சேன், இதோ இன்னொரு தடவை போய் மிதிச்சிட்டு வர்றேன்’னு கோயிலுக்கு ஓடிட்டான்.

— அவனுக்குச் சந்தோஷம்தான். எனக்குத்தான் நெஞ்சு எரியுது.

— சிரிச்சுடு மலகாயே. சிரிச்சா சரியாப் போயிடும்.

— எப்படிச் சிரிக்கிறது? என் தம்பி அரிக்கா அந்தச் சண்டைக்குப் போனவன் திரும்பி வரலை. அவனை எங்கே போட்டாங்கன்னு கூடத் தெரியாது. தினமும் காலையில கள்ளு வடிகட்டி வெச்சிட்டு கோயிலுக்குப் போறேன். அந்தப் படியில குதிகாலை அழுத்தி, ‘இந்தா வாங்கிக்கோடா, இது என் தம்பிக்கு’ன்னு மிதிக்கிறேன். மிதிச்சிட்டு வந்தாத்தான் எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கும். யாரை மிதிச்சிருக்கேன்? வெங்காயத்துக்கு வரி போட்டவனை!

— எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

— இங்கே வீட்டுல, என் தம்பியைக் கொன்னவனுக்கு, வெயில்ல காயுதே பாவம்னு என் பழைய சேலைத் துணியில முக்காடு போட்டு விட்டிருக்கேன். ‘மூடிக்காரா, பூனை வந்தாப் பார்த்துக்கடா’ன்னு கொஞ்சியிருக்கேன். போன வாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சேன்யா இவனை!

— அந்தக் கண்ணு அப்படி. கண்ணாடிக் கண்ணு. பூனையே அவனைப் பார்த்தா ஓடுது.

— பேச்சை மாத்தாதே. இன்னிக்கே போய்ப் படியைப் பேர்த்து அவனை எடுத்துட்டு இவனை வை.

— உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இன்னிக்கா? ரோமாபுரித் தூதன் படகுத்துறையில வந்து இறங்கியிருக்கான். ஊரே அங்கே நிக்குது. கோயில் வாசல்ல வில்லுக்காரங்க காவல். நான் கடப்பாரையோட போய் நின்னா என்ன சொல்லுவாங்க? ராணியம்மாவுக்குத் தெரிஞ்சா என் தலையைத்தான் அடுத்த படிக்கு அடியில வெப்பாங்க.

— ராணியம்மா தினமும் காலையில அந்தப் படியில நின்னு சிரிப்பாங்களே, அதைப் பார்த்துக்கிட்டு நீ வாயை மூடிட்டு இருப்பியா?

— இருப்பேன். நல்லா மூடிக்கிட்டு இருப்பேன். அவங்க சந்தோஷமா இருக்காங்க, சனங்க சந்தோஷமா இருக்காங்க, அந்த வரிக்காரனுக்கும் அது வேண்டியதுதான். இதுல யாருக்கு என்ன... ஐயோ. வாசல்ல யாரு வர்றது பாரு.

— யாரு? அட, கதிமாலோ அம்மா! ராணியம்மாவுக்கு வலது கையே அவங்கதானே. நம்ம வீட்டுக்கு எதுக்கு வர்றாங்க?

— ஹோர் ஊர் பூரா சொல்லிட்டான் போலிருக்கே! துணியைப் போடு, துணியைப் போடு! கண்ணை மூடுற மாதிரி போடு!

— போட்டாச்சு. நீ முகத்தைக் கொஞ்சம் நேரா வை. வாங்கம்மா, வாங்க! நிழலுக்கு வாங்க. இப்படி இந்த மணையில உக்காருங்க.

— உக்காரத்தான் வேணும். படகுத்துறையிலேர்ந்து நடந்தே வந்தேன். விசிறிக்காரியைத் தெருமுனையிலயே நிறுத்திட்டேன். நான் இங்கே வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. விளங்குதா?

— விளங்குதும்மா.

— கொத்தனாரே, நீ ஏன் இப்படி வேர்த்து ஊத்துற?

— வெயிலும்மா. அமுன் சத்தியமா வெயிலுதான்.

— பானை பக்கத்துல சில்லுனு இருக்கு. நான் இதுல சாஞ்சுக்கிறேன். இது என்ன, பானை மேலே?

— பாரத்துக்கு வெச்சதும்மா! பூனைத் தொல்லை. மலகாயே, அம்மாவுக்குக் கள்ளு ஊத்திக் கொடு. வேண்டாம், வேண்டாம், மூடியைத் திறக்காதே! அடுப்படியில இருக்கிற பழைய பானையிலேர்ந்து கொண்டா.

— எதுவும் வேண்டாம். குடிக்க நேரமில்லை. கொத்தனாரே, காது கொடுத்துக் கேளு. ஜெயக்கோயில் முன்படியைக் கட்டினது நீதானே?

— நா... நான்தான்.

— அதுக்கு அடியில தலையை வெச்சது?

— நான்தாம்மா.

— உச்சிப்பொழுதுக்குள்ள, சத்தமில்லாம, ஒரு தூசி கூடக் கிளம்பாம அதை வெளியே எடுக்க முடியுமா?

— எடுத்து?

— தூதன் கையில கொடுக்கணும்.

— என்னம்மா சொல்றீங்க! கொடுக்கிறதா? எதுக்குக் கொடுக்கணும்?

— கத்தாதே பொண்ணே. உன் ஆத்திரம் எனக்குப் புரியுது. நம்ம ஆளுங்க சீசரைத் தேடிப் போன கதைதான் ஊருக்கே தெரியுமே. சமாதானம் வேணும்னா சீசரைப் போய்ப் பாருங்கன்னு அவங்க தளபதி சொன்னான். நம்ம ஆளுங்க, ‘அது யாரு, எந்த ஊருல இருக்கான், எங்களுக்கு வழி தெரியாதே’ன்னு கேட்டாங்க. வழி காட்ட ஆளையும் துணைக்கு அனுப்பி, கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போனாங்க. கேட்டதெல்லாம் கிடைச்சுது. இனிமே நாம கப்பம் கட்ட வேண்டியதில்லை. எல்லையையும் நமக்குத் தோதாக் கிழிச்சுக் கொடுத்துட்டான். இவ்வளவு பெரிய ராஜ்யம் நம்ம ராணியம்மாகிட்ட இறங்கி வந்திருக்கு.

— தெரியும்மா. அன்னிக்கு என் கிட்ட ஒரு சொட்டுக் கள்ளு மிச்சமில்லை.

— இப்ப ஒரே ஒரு முள்ளு. எடுத்துட்டு வந்த சிலையெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. ஒரு சிலைக்கு மட்டும் தலை இல்லை. அது கோயில் படிக்கு அடியில இருக்குன்னு எவனோ அந்தத் தூதன் காதுல போட்டுட்டான். தூதன் கேட்கிறான், ‘எங்க சக்கரவர்த்தி தலை உங்க படிக்கு அடியில இல்லைன்னு ராணி அமுன் முன்னாடி சத்தியம் பண்ணணும். இல்லைன்னா தலையைக் கொடுங்க. ரெண்டும் இல்லைன்னா சமாதானமும் இல்லை’ன்னு.

— மறுபடியும் சண்டையா?

— மறுபடியும் சண்டை. போன தடவை நம்ம நபத்தா ஊரையே எரிச்சுட்டு, கையில கிடைச்ச சனத்தையெல்லாம் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. இன்னொரு தடவை நாம தாங்க மாட்டோம்.

— அப்போ ராணியம்மா சத்தியம் பண்ணிட வேண்டியதுதானேம்மா? எதிரிகிட்ட ஒரு பொய்தானே?

— எதிரிகிட்ட சொல்லலாம். அமுன் முன்னாடி எப்படிச் சொல்றது? ராணி வாயிலேர்ந்து பொய்ச்சத்தியம் வந்தா அந்த வருசம் ஆறு பெருகாது. சனங்க பட்டினி கிடக்கிறதை விடத் தலையைக் கொடுத்துடறேன்னு சொல்லிட்டாங்க. நான் சின்னப் பொண்ணா இருந்ததுலேர்ந்து அவங்க கூட இருக்கேன். சண்டையில ஒரு கண்ணு போனப்போ கூட அவங்க அழலை, எதிரியைத் திட்டிக்கிட்டே கட்டுப் போட்டுக்கிட்டாங்க. இன்னிக்குக் காலையில மிச்சமிருக்கிற அந்த ஒரு கண்ணும் கலங்கிடுச்சு. ‘பிள்ளையைப் பறிகொடுத்தவங்க எல்லாம் அந்தப் படியை மிதிச்சுத்தானே மனசை ஆத்திக்கிறாங்க கதிமாலோ, நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்’னாங்க.

— அம்மா...

— அழாதே பொண்ணே. உன் வீட்டுலயும் யாராவது போனாங்களா?

— என் தம்பிம்மா.

— ம்... கொத்தனாரே, கிளம்பு. நேரம் போகுது.

— அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னைக் கொன்னுடக் கூடாது.

— கொல்றதுக்கு இன்னிக்கு எனக்கு எங்கே நேரம் இருக்கு? சொல்லு.

— அந்தப் படிக்கு அடியில... அமுன் சத்தியமா நான் வேணும்னு பண்ணலைம்மா. கோணியில ரெண்டு தலை இருந்துச்சு. ஒண்ணு குண்டா, கழுத்துல மடிப்போட, நம்ம ராஜாக்கள் மாதிரியே இருந்துச்சு...

— சரி?

— அதைத்தான் புதைச்சேன். அது சீசர் இல்லையாம். சியேனேயில வரி வசூல் பண்றவனாம். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது.

— என்ன சொன்னே? திரும்பச் சொல்லு.

— படிக்கு அடியில சீசர் இல்லைம்மா. ஒரு வரிக்காரன் இருக்கான். என் பொண்டாட்டி கண்ணுக்கு முன்னாடி என்னைக் கொல்லாதீங்கம்மா...

— கொத்தனாரே.

— அம்மா.

— அப்போ இவ்வளவு நாளா நானும், ராணியம்மாவும், பூசாரிகளும், இந்த ஊரும், யாரோ ஒரு வரிக்காரனை மிதிச்சுக்கிட்டு இருந்தோம்?

— ஆமாம்மா.

— ஒல்லியான தலையை உதிரின்னு விட்டுட்டே?

— ராஜா மாதிரியே இல்லைம்மா அவன்!

— அம்மா, அம்மா! மூச்சு விடுங்க! ஏன்யா, அவங்களுக்கு என்ன ஆச்சு பாரு! விசிறிக்காரியைக் கூப்பிடு!

— வேண்டாம்... கூப்பிடாதே... சிரிச்சுச் சிரிச்சு விலா பிடிச்சுக்கிச்சு... அட, என் ராசாவே! உன் கையைக் கொண்டா. நீ பண்ணின காரியத்துக்கு உனக்கு யானை மேல ஊர்வலம் விடணும்!

— என்னையா?

— ராணியம்மா இப்ப தைரியமா அமுன் முன்னாடி நிக்கலாம்ல? ‘என் படிக்கு அடியில உங்க சக்கரவர்த்தி இல்லை.’ அத்தனையும் நிஜம்! ஒரு எழுத்து பொய் கிடையாது! உன்னை மாதிரி நாலு முட்டாள் இருந்திருந்தா இந்தச் சண்டையையே ஜெயிச்சிருப்போம்.

— சந்தோஷம்மா. ரொம்ப சந்தோஷம்.

— அம்மா, அப்போ நிஜத் தலை...

— நிறுத்து பொண்ணே! அது எங்கே இருக்குன்னு என்கிட்ட சொல்லாதே. நான் கேட்கலை, நீயும் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சா ராணியம்மாவுக்குச் சொல்லியாகணும். ராணியம்மாவுக்குத் தெரிஞ்சா தூதன் அடுத்த கேள்வி கேட்டா மாட்டிக்குவாங்க. எங்கேயோ ஒரு இடத்துல, யார் கண்ணுலயும் படாம, நல்லா மறைச்சு வெச்சுடு. விளங்குதா?

— நல்லா விளங்குதும்மா.

— நான் சாஞ்சிருக்கிற இந்தப் பானை மேல இருக்கிறது பாரத்துக்கு வெச்சதுதானே?

— பாரத்துக்குத்தாம்மா.

— பூனைத் தொல்லைக்கு.

— பூனைத் தொல்லைக்கு.

— நல்லது. கொத்தனாரே, நீ கோயில் ஆளு. உச்சிப்பொழுதுக்கு அமுன் கோயில் முற்றத்துக்கு வந்து சேரு. சத்தியம் நடக்கிறப்போ நீ அங்கே நிக்கணும். சிரிச்சே, அப்பத்தான் கொல்லுவேன்.

— வந்துடறேம்மா!

— போயிட்டாங்களா? போயிட்டாங்க. மலகாயே, பிழைச்சோம்டி! என் கால் தரையில இல்லை.

— நீ போ. குளிச்சிட்டுப் போ. தூதனுக்கு வைக்கிற விருந்துல கறி கொடுத்தா எனக்கும் வாங்கிட்டு வா.

— நீ வரலையா?

— எனக்கு வேலை இருக்கு. கண்ணுல படாம ஒளிச்சு வைன்னு சொல்லியிருக்காங்கல்ல.

— ஆத்துல போட்டுடேன்.

— என் தம்பியைக் கொன்னவனை நான் ஆத்துல குளிப்பாட்டி விடணுமா? நீ போய்யா. நான் பார்த்துக்கிறேன்.

*

— மலகாயே! ஏ மலகாயே! கறி வாங்கிட்டு வந்திருக்கேன், தொடைக்கறி! எங்கேடி போனே? அட, பானை மேல கல்லு இருக்கு...

— இதோ வந்துட்டேன். கத்தாதே. கழுதையைக் கட்டிட்டு வர்றேன்.

— நீ இருந்து பார்த்திருக்கணும்! ராணியம்மா எழுந்து நின்னாங்க. அவங்க பக்கத்துல தூதனைப் பார்த்தா, யானை பக்கத்துல கொக்கு நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த ஒரு கண்ணால அவனை மேலேர்ந்து கீழே வரைக்கும் பார்த்தாங்க. ‘என் கோயில் படிக்கு அடியில உங்க சக்கரவர்த்தி இல்லை. இருந்தா இந்த ஆறு என்னைக் கொண்டு போகட்டும்’னாங்க. கணீர்னு! கூட்டத்துல பாதிப் பேர் அழுதுட்டாங்க. நம்ம சீசரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களோன்னு.

— ராணியம்மாவுக்கு விசயம் தெரிஞ்சுதானே சொன்னாங்க?

— தெரியாமலா? சொல்லிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாங்க பாரு. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. முரசு அடிச்சாங்க. கதிமாலோ அம்மா விசிறிக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டுக் குலுங்கினாங்க. அதைப் பார்த்துட்டு பூசாரி, ‘பாவம், எவ்வளவு பக்தி’ன்னார்.

— தூதன் நம்பினானா?

— முகத்தைப் பார்த்தா நம்பின மாதிரி இல்லை. ஆனா ஓலையில முத்திரை வெச்சுட்டான். இனிமே என்ன பண்ண முடியும்? நான் அப்புறம் அவனைப் பார்க்கலை, கறிக்கு வரிசையில நின்னுட்டேன். அதிருக்கட்டும், உன் கையெல்லாம் ஏன் சுண்ணாம்பு?

— சுண்ணாம்பா? ஆமா, சுண்ணாம்புதான்.

— முந்தானையில மணல். முட்டியெல்லாம் சேறு. மலகாயே, மூடிக்காரன் எங்கே?

— கண்ணுல படாம இருக்கான்.

— எங்கே?

— அவன் இருக்க வேண்டிய இடத்துல.

— ஐயோ! ஐயோ, சொல்லாதே! படிக்கு அடியிலயா? அடிப்பாவி! ராணியம்மா இப்பத்தானே சத்தியம் பண்ணிட்டு வந்து உக்காந்தாங்க! பொய்ச்சத்தியம் ஆக்கிட்டியேடி! ஆறு வராதே! ஊரே பட்டினி கிடக்குமே!

— மூச்சு விடு மனுசா. நான் என்ன உன்னை மாதிரியா? எல்லாரும் அமுன் கோயிலுக்குப் போயிட்டாங்க, காவல்காரங்களும் வேடிக்கை பார்க்கப் போயிட்டாங்க. என் தம்பி கூட வில் பிடிச்ச பசங்களைக் கூட்டிட்டுப் போனேன். கல்லைப் புரட்டி அந்த வரிக்காரனை வெளியே எடுத்தோம். குழியைச் சுத்தம் பண்ணி வெச்சுட்டு, இவனை முக்காட்டோட மடியில வெச்சுக்கிட்டு, சத்தியம் முடிஞ்சா அடிக்கிற முரசுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். முரசு அடிச்சு ஓய்ஞ்சப்புறம்தான் உள்ளே இறக்கினேன். ராணியம்மா சொன்னப்போ படிக்கு அடியில வெறும் மணலுதான். அமுனுக்கு அது தெரியும்.

— நிஜமாவா? முரசுக்கு அப்புறம்தானே?

— நீ பண்ற சத்தியமெல்லாம் சேர்த்து நான் ஒரு தடவை பண்ணட்டுமா?

— வேண்டாம், வேண்டாம். நம்பறேன். அந்த வரிக்காரன்?

— ஹோர் கேட்டு வாங்கிட்டான். வெங்காயத்துக்கு நடுவுல வெச்சுக் கட்டியிருக்கான். ஊருக்குப் போய்த் தன் வீட்டு வாசப்படிக்கு அடியில புதைக்கப் போறானாம். அவங்கப்பன் இன்னும் இருக்காராம், தினமும் மிதிக்கட்டும்னான்.

— மலகாயே, கல்லை நேராச் சாத்தினியா? மணலை நல்லா இடிச்சுத் திமிச்சியா? கல்லு ஆடினா மொதல் மிதியிலயே தெரிஞ்சு போயிடும்டி.

— கொத்தனார் பொண்டாட்டிக்கு அது தெரியாதா? திமிச்சு, கல்லைச் சாத்தி, ஓரத்துல சுண்ணாம்பு பூசி, மேல தண்ணி ஊத்திக் கழுவி விட்டாச்சு. புதுப்படி மாதிரி இருக்கு.

— அப்போ மிதிச்சுட்டியா? உன் தம்பிக்காக? மொதல் மிதி நீதானே மிதிச்சே?

— எப்படிய்யா மிதிப்பேன்? கழுவிட்டு நிமிர்றேன், சந்தேகம் தீராம அந்தத் தூதன் வந்து எதிர்ல நிக்கிறான், இங்கே என்ன பண்றீங்கன்னு மொழிபெயர்ப்பாளனை விட்டுக் கேட்கிறான். ஊருக்கு வந்த விருந்தாளியை விட்டுட்டு நான் முந்தலாமா? ‘உங்களுக்காகத்தாங்க படியைக் கழுவி வெச்சிருக்கோம், மொதல்ல நீங்க ஏறுங்க’ன்னேன். ஏறினான்யா! ஏறி நின்னு, கல்லு கெட்டியா இருக்கான்னு குதிகாலால ஓங்கி ஓங்கி மிதிச்சுப் பார்த்துட்டு, திருப்தியாப் போயிட்டான்!